பேரேட்டில் கிடந்த பெயர்கள்

மகன் வயிற்றுப் பிள்ளையையும் மகள் வயிற்றுப் பிள்ளையையும் தமிழ் ‘பெயரன்’ என்றும் ‘பெயர்த்தி’ என்றும் வழங்கியது. முன்னோர் பெயரைத் தாங்குவோர் என்பது அச்சொற்களின் பொருள். நாவழக்கில் அவை பேரன், பேத்தி எனத் திரிந்த பின்னரும் உள்ளிருக்கும் கருத்து தேயவில்லை. பாட்டன் மறைந்தாலும் அவன் பெயர் அவ்வீட்டு முற்றத்தில் நாள்தோறும் அழைக்கப்பட வேண்டும் என்னும் விழைவே அச்சொல்லைப் படைத்தது.

இவ்விழைவு மறுக்கப்பட்ட மக்கள் வரலாற்றில் உண்டு. ஆப்பிரிக்கக் கரையிலிருந்து கப்பலேற்றப்பட்டுக் கரிபியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் இறக்கப்பட்டோர் அத்தகையோர். அவர்களுடைய பெயரை அவர்களுடைய முன்னோர் இடவில்லை. தோட்டக்காரரும் கண்காணியும் இட்டனர். அவர்களுடைய பிள்ளைகள் பெற்றோரின் பிள்ளைகள் என்பதற்கு முன் உடைமையாளரின் உடைமைகளாக எண்ணப்பட்டனர். இன்று யமைக்காவிலோ பார்படோசிலோ டிரினிடாடிலோ தம் குலவழியைத் தேடுவோர் ஐந்தாறு தலைமுறை பின்னோக்கிச் சென்றதும் ஒரு சுவரில் முட்டிக்கொள்கின்றனர். 1834ஆம் ஆண்டு என்பது அச்சுவரின் பெயர். அதற்கு அப்பால் நிலப்பத்திரம் இல்லை. வாக்காளர் பட்டியல் இல்லை. பெரும்பாலோர்க்குத் திருமணப் பதிவும் இல்லை. அச்சுவரில் உள்ள ஒரே பெரிய திறப்பு, அவர்களுடைய முன்னோரை மாட்டோடும் நிலத்தோடும் சொத்தாக எண்ணிய அரசின் அடிமைப் பதிவேடுகளே.

மனிதரைப் பொருளாக்கிய ஏடே அவர்கள் மனிதராக வாழ்ந்தமைக்குச் சான்றாக நிற்பது வரலாற்றின் கொடிய முரண்களுள் ஒன்று. அவ்வேடு எவ்வாறு பிறந்தது, யாருக்காக எழுதப்பட்டது, இன்று யாரால் எவ்வாறு படிக்கப்படுகிறது என்பவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

பதிவேடு பிறந்த வரலாறு

1807ஆம் ஆண்டு பிரித்தானிய நாடாளுமன்றம் அடிமை வணிகத்தைத் தடை செய்தது. தடை செய்யப்பட்டது வணிகமே. அடிமை முறை அன்று. ஆப்பிரிக்காவிலிருந்து புதிதாக ஆள்களைக் கொணர்தல் குற்றமாயிற்று. முன்பே கொணரப்பட்டோரும் அவர்தம் வழித்தோன்றல்களும் அடிமைகளாகவே நீடித்தனர். இதனால் ஒரு சிக்கல் எழுந்தது. இரவில் ஒரு கப்பல் தீவின் ஒதுக்குப்புறக் கரையில் ஆள்களை இறக்கிச் சென்றால், மறுநாள் தோட்டத்தில் நிற்போருள் பழையவர் யார், கள்ளத்தனமாகக் கொணரப்பட்டவர் யார் என்று எவ்வாறு அறிவது?

இதற்கு விடை கண்டவர் சேம்சு ஸ்டீபன் என்னும் வழக்கறிஞர். மேற்கிந்தியத் தீவுகளில் தொழில் புரிந்து அங்குள்ள கொடுமைகளை நேரில் கண்டவர். அடிமை ஒழிப்புத் தலைவர் வில்பர்போர்சின் மைத்துனர். ஒவ்வோர் அடிமையின் பெயரையும் அடையாளத்தையும் அரசு ஏட்டில் பதிந்துவிட்டால், ஏட்டில் இல்லாதவர் கள்ளமாகக் கொணரப்பட்டவர் என்பது தெளிவாகிவிடும் என்பது அவர் வாதம். தனிச் சட்டமன்றம் இல்லாது அரசரின் நேரடி ஆட்சியில் இருந்த டிரினிடாடில் இம்முறை முதலிற் புகுத்தப்பட்டது. 1812 மார்ச்சுத் திங்களில் அதற்கான அரசாணை பிறந்தது. 1813இல் பதிவு நடந்தது. ஏறத்தாழ 25,000 பேர் அவ்வேட்டில் இடம்பெற்றனர். அடுத்து செயிண்ட் லூசியாவிலும் மொரீசியசிலும் பதிவு தொடங்கிற்று.

அடிமையின் நலம் நாடியவரால் வகுக்கப்பட்ட திட்டமே எனினும் அடிமையிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை. விவரம் கொடுத்தவர் உடைமையாளர். அல்லது அவருடைய முகவர். ஆணையிட்டு உறுதி மொழிந்து கையொப்பமிட்டவரும் அவரே. பதியப்பட்டவர் தம் பெயரைத் தம் வாயால் சொல்லும் இடம் அந்த ஏட்டில் எங்கும் இல்லை.

பார்படோசில் பரவிய செய்தி

1815இல் எல்லாக் குடியேற்றங்களுக்கும் பொதுவான பதிவுச் சட்ட முன்வரைவு ஒன்றை வில்பர்போர்சு நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தார். தோட்டக்காரர்கள் கொதித்தெழுந்தனர். தம் சொத்தில் இலண்டன் கைவைக்கிறது என்று தீவுச் சட்டமன்றங்களில் முழங்கினர், செய்தித்தாள்களில் எழுதினர், விருந்து மேசைகளில் உரக்கப் பேசினர். மேசையருகே பரிமாறி நின்றோர் அதனைக் கேட்டுக்கொண்டிருந்தனர்.

உடைமையாளர்கள் இத்துணைச் சினம் கொள்ளும் ஒரு சட்டம் தமக்கு விடுதலை தருவதாகத்தான் இருக்கவேண்டும் என்று பார்படோசு அடிமைகள் எண்ணினர். அரசர் விடுதலை வழங்கிவிட்டார், இங்குள்ளோர் அதனை மறைக்கின்றனர் என்னும் பேச்சுத் தோட்டந்தோட்டமாகப் பரவிற்று. சிம்மன்சு தோட்டத்தில் வீட்டுப் பணி செய்த நானி கிரிக் என்னும் பெண் செய்தித்தாள் படிக்கத் தெரிந்தவர். புத்தாண்டு நாளில் விடுதலை வரும் என்று அவர் சொன்னதாகவும், அந்நாள் வெறுமையாகக் கழிந்தபின் போராடித்தான் பெறவேண்டும், செயிண்ட் டொமிங்கோவில் செய்ததுபோல் தீ மூட்டவேண்டும் என்று கூறியதாகவும் பின்னர் நடந்த விசாரணையில் ஒருவர் வாக்குமூலம் அளித்தார்.

1816 ஏப்ரல் 14ஆம் நாள், ஈஸ்டர் ஞாயிறன்று இரவு, கரும்புக் காடுகள் எரிந்தன. பெய்லி தோட்டத்தைச் சேர்ந்த புசா என்பவர் தலைவர்களுள் ஒருவர். கிளர்ச்சி சில நாள்களில் படைகொண்டு அடக்கப்பட்டது; புசா போரில் மாண்டார்; பிடிபட்டோர் பலர் தூக்கிலிடப்பட்டனர். மறு ஆண்டே பார்படோசு தன் சொந்தப் பதிவுச் சட்டத்தின்படி அடிமைகளைக் கணக்கெடுத்தது. விடுதலைப் பட்டயம் என நம்பி எந்த ஏட்டிற்காக உயிர் துறந்தனரோ, அந்த ஏடு வந்தபோது அஃது உடைமைப் பட்டியலாகவே வந்தது. 1998இல் பார்படோசு அரசு புசாவைத் தேசிய வீரராக அறிவித்தது.

ஏட்டின் அமைப்பு

தீவுக்குத் தீவு பதிவு முறை வேறுபட்டது. டிரினிடாடு ஏடு மிக விரிவானது. பெயர், குடும்பப் பெயர், நிறம், தொழில், அகவை, உயரம், பிறந்த நாடு, உடற்குறிகள், உறவினர் என அதில் கட்டங்கள் அமைந்திருந்தன. அங்குப் பதியப்பட்டோரில் பாதிக்கு மேற்பட்டோர் ஆப்பிரிக்காவில் பிறந்தவர்கள். இபோ, காங்கோ, மாண்டிங்கோ, மோக்கோ என அவர்களுடைய இனமும் நாடும் குறிக்கப்பட்டன. கன்னத்திலும் நெற்றியிலும் இனக்குறியாகக் கீறப்பட்ட தழும்புகளும் உடற்குறிக் கட்டத்தில் எழுதப்பட்டன. ஓர் ஊர், தன் மகன் தன்னவன் என்று அறிவதற்காக அன்போடு இட்ட குறி, தப்பியோடினால் பிடிப்பதற்குரிய அடையாளமாக இங்கு மாறிற்று.

யமைக்காவின் முதற்பதிவு 1817 சூன் 28ஆம் நாளைய நிலையைக் காட்டுவது. 3,40,000க்கும் மேற்பட்டோர் அதில் அடங்குவர். ஆண், பெண் பிரிவு, நிறம், அகவை, ஆப்பிரிக்கரா, தீவிற் பிறந்த கிரியோலா என்னும் குறிப்பு, இறுதியில் குறிப்புரைக் கட்டம். அதன்பின் மூன்றாண்டுக்கு ஒருமுறை 1832 வரை, பிறப்பாலும் விலைக்கு வாங்கியதாலும் கூடியோர், இறப்பாலும் விற்பனையாலும் விடுவிப்பாலும் குறைந்தோர் என வரவுசெலவு முறையிற் கணக்குகள் எழுதப்பட்டன. பிறந்த குழந்தைக்கு எதிரே குறிப்புரைக் கட்டத்தில், இன்னாள் மகன், இன்னாள் மகள் என்று தாயின் பெயர் வரும்.

1819இல் நாடாளுமன்றம் இலண்டனில் ஒரு மையப் பதிவலுவலகத்தை நிறுவியது. ஒவ்வொரு தீவின் ஏட்டிற்கும் ஒரு படி அங்கு வந்து சேரவேண்டும் என்றும், அங்குப் பதிவாகாத அடிமைகளைப் பிரித்தானியாவில் விற்பதோ அடகு வைத்துக் கடன் பெறுவதோ செல்லாது என்றும் விதித்தது. மனசாட்சியின் பொருட்டுப் பதியாதவரும் கடனின் பொருட்டுப் பதிந்தனர்.

மூலமும் படியும் என்னும் இம்முறை தமிழ் இலக்கியம் பயின்றோர்க்கு ஓர் ஓலையை நினைவூட்டும். சுந்தரர் தமக்கு எதிரான ஆளோலையைக் கிழித்தெறிய, கிழிந்தது படியோலை, மூலவோலை வேறு உள்ளது என்று திருவெண்ணெய்நல்லூர் அவையில் முதியவர் உரைப்பதாகப் பெரியபுராணம் கூறும். பாட்டன் கையெழுத்திட்ட அந்த ஓலை பேரனையும் கட்டிற்று. ஆனால் அங்கு அடிமை என்பது அன்பினால் முடியும் உறவு, ஆட்கொண்டவன் இறைவன். கரிபியன் தீவுகளில் அச்சொல்லுக்கு விலை உண்டு, வட்டி உண்டு, அடகும் உண்டு. வெப்பமும் ஈரமும் பூச்சியும் தீவுகளின் மூல ஏடுகளை அரித்த இடங்களில், கிழியாமல் நின்றது இலண்டனின் படியே.

பின்னோக்கி நடத்தல்

வரலாறு பொதுவாக முன்னோக்கி எழுதப்படுவது. அடிமை முன்னோரைத் தேடுவோர் பின்னோக்கி நடக்கவேண்டும். அறிந்த பாட்டியிலிருந்து தொடங்கி, அவருடைய பாட்டி பிறந்த ஊர், ஞானத்தீக்கை பெற்ற ஆலயம், வாழ்ந்த பங்கு ஆகியவற்றை முதலில் உறுதி செய்ய வேண்டும். விடுதலைக்கு முன்னும் பின்னும் ஆலயங்களில் எழுதப்பட்ட ஞானத்தீக்கைப் பதிவுகளிற் சில, அம்மனிதர் எந்தத் தோட்டத்தைச் சேர்ந்தவர் என்பதையும் கூறுகின்றன. தோட்டத்தின் பெயர் கிடைத்தால் உடைமையாளரின் பெயர் கிடைக்கும். உடைமையாளரின் பெயர் கிடைத்தால்தான் அடிமைப் பதிவேட்டின் பக்கம் திறக்கும். பதிவேடுகள் உடைமையாளர் வாரியாகவே அமைந்துள்ளன. அடிமையின் பெயரைக் கொண்டு அடிமையைத் தேடும் வழியை அதனை எழுதியோர் எண்ணிப் பார்க்கவும் இல்லை.

அங்கிருந்து 1832ஆம் ஆண்டுக் கணக்கு, அதற்கு முன் 1829, 1826, 1823, 1820 என ஏறிச் செல்லலாம். ஓர் ஆண்டின் பிறப்புப் பட்டியலில் குழந்தையும் தாயின் பெயரும் கிடைக்கும். அத்தாயை 1817ஆம் ஆண்டின் முதற்பட்டியலிற் காணலாம். அவளுக்கு எதிரே அகவை இருக்கும். கிரியோல் என்றிருந்தால் அவளுடைய தாயும் அதே பட்டியலில் இருக்கக்கூடும். ஆப்பிரிக்கர் என்றிருந்தால் ஏடு அங்கே நின்றுவிடும். எந்தக் கப்பல், எந்தத் துறை, எந்த ஊர் என்பவற்றுக்கு அதில் விடை இல்லை.

இவ்வழியில் இடறும் கற்கள் பல. விடுதலை பெற்றோர் அனைவரும் இறுதி உடைமையாளரின் குடும்பப் பெயரையே சூடினர் என்று கருதுவது தவறு. சிலர் முந்தைய உடைமையாளரின் பெயரையும், சிலர் தந்தையின் பெயரையும், சிலர் தாமே விரும்பிய பெயரையும் ஏற்றனர். ஒரே தோட்டத்தில் ஒரே பெயருடையோர் மூவர் இருப்பர். மூத்தவள், இளையவள் என்னும் அடைகளே அவர்களைப் பிரிக்கும். ஞானத்தீக்கைக்குப் பின் பழைய பெயர் மறைந்து புதுப்பெயர் தோன்றும். இரண்டையும் இணைக்கும் குறிப்பை எழுத்தர் எழுதாதுவிட்டிருந்தால் ஒருவர் ஏட்டில் இருவராகிவிடுவார்.

இவ்வாறு ஆண்டுக்கு ஆண்டு பட்டியல்களைப் பொருத்துவதால் என்ன கிடைக்கும் என்பதற்கு அமெரிக்க வரலாற்றறிஞர் ரிச்சர்டு டன் செய்த ஆய்வு சான்று. யமைக்காவின் மெசபொட்டேமியா என்னும் கரும்புத் தோட்டத்தின் உடைமையாளர்கள் 1762 முதல் 1833 வரை எழுதி வைத்த பட்டியல்களை ஒப்பிட்டு, அங்கு வாழ்ந்த 1,103 அடிமைகளின் வாழ்க்கைத் தடங்களை அவர் மீட்டார்; 2014இல் அந்நூல் வெளிவந்தது. அக்காலத்தில் அங்குப் பிறப்பைவிட இறப்பு 331 மிகுதி. ஒரு தோட்டம் தன் மக்களைத் தின்று, மீண்டும் மீண்டும் விலைக்கு வாங்கி நிரப்பிக்கொண்டது என்பதே இக்கணக்கின் பொருள். பதிவேடுகள் அனைத்தையும் கொண்டு பிரித்தானியக் கரிபியனின் அடிமை மக்கள்தொகையை விரிவாக ஆய்ந்த பாரி ஹிக்மனின் 1984ஆம் ஆண்டு நூலும் இத்துறையில் அடிப்படையானது.

பெயர்களின் மொழி

கவிதை பயில்வோர் இவ்வேடுகளில் முதலிற் காண்பது பெயர்களின் விளையாட்டைத்தான். சற்று நேரத்தில் அது விளையாட்டன்று என்பது புலப்படும். சீசர், பாம்பே, சிப்பியோ, வீனசு என்னும் உரோமானியப் பெயர்கள் நிறைய வருகின்றன. உலகை ஆண்டோரின் பெயரைக் கரும்பு வெட்டுவோனுக்கு இட்டு நகைத்த உடைமையாளரின் கேலி அதில் உள்ளது. இலண்டன், பிரிஸ்டல் என ஊர்ப் பெயர்களும் ஆள்களுக்கு இடப்பட்டன.

இவற்றினிடையே வேறொரு மொழி ஒலிக்கிறது. குவாசி, கட்ஜோ, குவாக்கோ, கஃபி என ஆண்பெயர்கள். குவாசிபா, ஜூபா, பெனிபா, ஃபீபா எனப் பெண்பெயர்கள். எழுதியோர்க்கு இவை பொருளற்ற ஒலிகள். ஆனால் மேற்கு ஆப்பிரிக்காவின் அக்கான் மக்கள், பிறந்த கிழமையைக் கொண்டு குழந்தைக்குப் பெயரிடுவர். குவாசி ஞாயிற்றுக்கிழமை பிறந்தவன், கட்ஜோ திங்களில் பிறந்தவன், குவாக்கோ புதனில், கஃபி வெள்ளியில். பெனிபா செவ்வாயில் பிறந்த பெண். ஃபீபா வெள்ளியில் பிறந்தவள். பிறந்த ஆண்டைத் தோராயமாக மட்டுமே எழுதிய ஏட்டில், பிறந்த கிழமையை மட்டும் ஒரு தாய் பிழையின்றிப் பதித்துச் சென்றிருக்கிறாள். எழுத்தர் அதனை அறியவில்லை. அறிந்திருந்தால் ஒருவேளை அழித்திருப்பார்.

நாளடைவில் இப்பெயர்கள் தேய்ந்தன. ஃபீபா என்பது ஆங்கிலப் பீபியாகவும், குவாக்கோ என்பது சாக் எனவும் மாறியதை ஏடுகள் காட்டுகின்றன. குவாசி என்பது பிற்காலத்தில் மூடன் என்னும் பொருளில் ஏளனச் சொல்லாகவும் வழங்கலாயிற்று. ஒரு மொழியை அழிப்பதற்கு அதன் சொற்களைத் தடை செய்யவேண்டியதில்லை. அவற்றைச் சூடியோரை நாணச் செய்தாலே போதும் என்பதற்கு இது சான்று.

ஏடு சொல்லாதவை

பதிவேட்டில் தாய் உண்டு. தந்தை பெரும்பாலும் இல்லை. இது மறதியன்று, சட்டம். தாய் அடிமையாயின் பிள்ளை அடிமை. தாய் யாருடைய உடைமையோ பிள்ளையும் அவருடைய உடைமை. ஆகவே உடைமையை நிறுவுவதற்குத் தாயின் பெயர் போதும். தந்தை அண்டைத் தோட்டத்து அடிமையாயினும், அதே தோட்டத்து வெள்ளைக் கண்காணியாயினும் கணக்கில் வேறுபாடு இல்லை. நிறக் கட்டத்தில் ‘முலாட்டோ’ என்றோ ‘குவாட்ரூன்’ என்றோ ஒரு சொல் விழும்போது மட்டும் எழுதப்படாத அத்தந்தையின் நிழல் தெரிகிறது. அச்சொல்லுக்குப் பின்னால் நிகழ்ந்தது யாது என்பதை ஏடு கேட்கவில்லை. தந்தை பெயரின் முதலெழுத்தைத் தம் பெயருக்கு முன் இட்டு வாழும் தமிழர்க்கு அந்த வெற்றிடத்தின் ஆழம் எளிதில் விளங்கும்.

இறந்த குழந்தைகளின் செய்தி இதனினும் கொடிது. மூன்றாண்டுக்கு ஒருமுறை கணக்கெழுதிய தீவுகளில், இரண்டு கணக்குகளுக்கு இடையே பிறந்து இறந்த குழந்தை பெரும்பாலும் இரண்டிலுமே இடம்பெறவில்லை. வரவில் வைத்துச் செலவில் எழுதுவதாற் பயனில்லை என்று எழுத்தர் விட்டுவிட்டார். கரும்புத் தோட்டங்களிற் பச்சிளங்குழந்தைகளின் இறப்பு மிகுதி என்பதை எண்ணும்போது, பதிவேட்டின் வெள்ளை இடைவெளிகளில் எத்தனை தாலாட்டு நின்றுபோயிருக்கும் என்பது நெஞ்சை அறுக்கிறது. ஏட்டில் ஒரு பெண்ணின் பெயர் ஆறு முறை வருகிறது, பிள்ளை இல்லை என்பதால் அவள் பிள்ளை பெறாதவள் என்று முடிவு செய்ய இயலாது.

உறவு, அன்பு, திருமணம், பாட்டு, கடவுள் என்பவற்றிற்கும் கட்டங்கள் இல்லை. எனினும் டிரினிடாடு ஏட்டில் குடும்பங்கள் ஒருங்கே எழுதப்பட்டமையும், தாயின் பெயரையோ பாட்டியின் பெயரையோ ஒரு குழந்தைக்கு இட்டமை பிற ஏடுகளில் ஆங்காங்கே தென்படுவதும் கருதத்தக்கவை. ‘பெயர்த்தி’ என்னும் சொல் அவர்கள் மொழியில் இல்லாதிருக்கலாம். அதன் பொருளை அவர்கள் அறிந்திருந்தனர்.

இழப்பீடும் ஏட்டின் நிலைபேறும்

இவ்வேடுகள் பிரித்தானியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் கருவூலத்துறை ஆவணங்களாக இன்றும் உள்ளன. குடியேற்றத்துறையில் இல்லாது கருவூலத்தில் இருப்பதற்குக் காரணம் பணம். 1833இல் நிறைவேறிய அடிமை ஒழிப்புச் சட்டம் 1834 ஆகஸ்டு முதல் நாள் நடைமுறைக்கு வந்தபோது ஏறத்தாழ 8,00,000 பேர் சட்டப்படி அடிமை நிலை நீங்கினர். ஆறு அகவைக்கு மேற்பட்டோர் ‘பயிற்சித் தொழிலாளர்’ என்னும் பெயரில் 1838 வரை அதே உடைமையாளரிடம் கூலியின்றி உழைக்க நேர்ந்தது. அச்சட்டம் 2 கோடிப் பவுன் இழப்பீடு வழங்கிற்று, அடிமைகளுக்கன்று, உடைமையாளர்களுக்கு.

யாருக்கு எத்தனை பேருக்காக எவ்வளவு என்று கணிக்கப் பதிவேடுகளே ஆதாரமாயின. ஒவ்வொரு குடியேற்றத்திலும் முந்தைய ஆண்டுகளின் விற்பனை விலையைக் கொண்டு தலைக்கு விலை குறிக்கப்பட்டது. சராசரியாகப் பிரித்தானியக் கயானாவில் ஒருவருக்கு 50 பவுனுக்கும் மேல். யமைக்காவில் 20 பவுனுக்குச் சற்றுக் குறைவு. மண் வளமும் கரும்பு விளைச்சலும் மனிதனின் விலையை முடிவு செய்தன. இவ்விழப்பீட்டிற்காக அரசு வாங்கிய கடனின் எச்சம் 2015இல்தான் முற்றிலும் தீர்க்கப்பட்டது. அதுவரை வரி செலுத்திய பிரித்தானியக் குடிமக்களுள் அவ்வடிமைகளின் கொள்ளுப்பேரர்களும் அடங்குவர்.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் வரலாற்றறிஞர்கள் 2009இல் தொடங்கிய ஆய்வின் பயனாக இழப்பீடு பெற்றோரின் பட்டியல் 2013இல் யாவரும் காணக் கிடைத்தது. 2009இல் யுனெஸ்கோ பிரித்தானியக் கரிபியனின் அடிமைப் பதிவேடுகளை உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தது. கருவூலக் கணக்காய்வுக்காகக் காக்கப்பட்ட ஏடு மானுட நினைவின் பகுதியாக ஏற்கப்பட்டமை நிறைவுக்குரியது.

தமிழரும் இவ்வேடுகளும்

இச்செய்தி தொலைதூரத் தீவுகளுக்கு மட்டும் உரியதன்று. அதே கருவூல வரிசையில் இலங்கையின் அடிமைப் பதிவேடுகளும் உள்ளன. 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமையில் யாழ்ப்பாணத்து அடிமைகளைப் பற்றிய தனிப்பகுதி உண்டு. 1816இல் தலைமை நீதிபதி அலெக்சாண்டர் ஜான்ஸ்டனின் முயற்சியால், அவ்வாண்டு ஆகஸ்டு 12ஆம் நாளுக்குப்பின் பிறக்கும் குழந்தைகள் உரியோர் என உடைமையாளர் பலர் உடன்பட்டனர். 1818இல் யாழ்ப்பாணத்துக் கோவியர், நளவர், பள்ளர் ஆகியோருள் அடிமைகளாகக் கருதப்பட்டோரைப் பதியவேண்டும் என ஆளுநர் பிரவுன்ரிக் காலத்தில் விதி பிறந்தது. 1833ஆம் ஆண்டுச் சட்டம் இலங்கைக்குப் பொருந்தாது என விலக்கப்பட்டது. 1844இல்தான் அங்கு அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. கரிபியனில் நிறத்தின் பெயரால் நடந்தது இங்குச் சாதியின் பெயரால் நடந்தது. ஏடு ஒன்றே.

மொரீசியசின் ஏடுகளில் மொசாம்பிக், மடகாஸ்கர் என்பவற்றோடு ‘மலபார்’ என்னும் குறிப்பும் வருகிறது. அக்கால ஐரோப்பியர் தமிழரையும் அச்சொல்லாற் குறித்தனர்; ஆகவே அக்குறிப்புடையவர் தமிழரா மலையாளியா என்பதை அச்சொல்லைக் கொண்டு மட்டும் துணிய இயலாது. தென்னாப்பிரிக்காவின் நன்முனையில் 1816இல் பிரித்தானியர் பதிவு தொடங்குவதற்கு நெடுங்காலம் முன்பே, ஒல்லாந்தர் கொணர்ந்த அடிமைகள் வங்காளம், இலங்கை, சோழமண்டலக் கரை என்னும் ஊர் அடைகளோடு ஏடுகளில் வருகின்றனர். 1659 முதல் 1661 வரை தஞ்சை நாட்டைப் போரும் பஞ்சமும் வாட்டியபோது ஆயிரக்கணக்கானோர் சோழமண்டலத் துறைகளில் ஒல்லாந்தக் கப்பல்களில் ஏற்றப்பட்டனர்.

1860இல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை நேட்டாலுக்குக் கொண்டுசென்ற ‘துரூரோ’ கப்பலின் பட்டியலை இவற்றோடு ஒப்பிட்டால் வேறுபாடு புலனாகும். கூலிகளின் பட்டியல்களில் தந்தை பெயரும் ஊரும் சாதியும் உண்டு. நான்கு தலைமுறைக்குப்பின் ஒருவர் அத்தாளைக் கையிற்கொண்டு தமிழகத்துச் சிற்றூரைத் தேடிவர இயலும். அடிமையின் வழித்தோன்றலுக்கு அந்த ஊர் இல்லை.

கவிஞர் கையில் ஏடு

செயிண்ட் லூசியாவிற் பிறந்து 1992இல் நோபெல் பரிசு பெற்ற டெரிக் வால்காட்டின் பாட்டிமார் இருவரும் அடிமைகளின் வழிவந்தோர் எனக் கூறப்படுகிறது. பார்படோசின் கமாவ் பிராத்வெய்ட் கவிஞராகவும் வரலாற்றறிஞராகவும் ஒருசேர விளங்கினார். யமைக்காவின் கிரியோல் சமுதாயத்தைப் பற்றி அவர் எழுதிய ஆய்வு நூல் 1971இல் வந்தது. டொபாகோவிற் பிறந்த நோர்பீஸ் பிலிப்பின் ‘சாங்!’ என்னும் நூல் 2008இல் வெளிவந்தது. 1781இல் சாங் என்னும் கப்பலின் மாலுமிகள் 130க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கரை உயிரோடு கடலில் வீசி, பின்னர் அதற்குக் காப்பீட்டுப் பணம் கோரப்பட்ட வழக்கின் தீர்ப்புரையையே சொற்கிடங்காகக் கொண்டு அந்நூல் இயற்றப்பட்டது. மாண்டோர் பெயர் எந்த ஆவணத்திலும் இல்லை. ஆகவே கவிஞர் ஆப்பிரிக்கப் பெயர்களைத் தாமே இட்டுப் பக்கங்களின் அடியில் வரிசையாக எழுதிச் சென்றார்.

அறிஞர் செய்வதும் கவிஞர் செய்வதும் இங்கு வேறு வேறு பணிகள். ஏட்டில் உள்ள பெயரை மாற்றாது, கூட்டாது, குறைக்காது மீட்டளிப்பது அறிஞர் கடன். ஏடு எழுத மறுத்த இடத்தில் நின்று, அங்கு ஒருவர் இருந்தார் என்று உரைப்பது கவிஞர் கடன். முன்னது இல்லாமற் பின்னது வெறுங்கற்பனையாகும்; பின்னது இல்லாமல் முன்னது மீண்டும் ஒரு கணக்கேடாகவே நின்றுவிடும். கவிஞர் பலரைக் கொண்ட இவ்வட்டம் இவ்விரு கடன்களையும் ஒருங்கே எண்ணிப் பார்த்தல் தகும். யாழ்ப்பாணத்து ஏடுகளும் படிப்பாரை நோக்கிக் காத்திருக்கின்றன.

1832ஆம் ஆண்டுக் கணக்கில் ஒரு குழந்தையின் பெயரையும் அதற்கெதிரே தாயின் பெயரையும் காணும் கொள்ளுப்பேத்தி, அப்பெயரை முதலில் மெல்ல வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பாள். எழுதப்பட்ட நாளில் அப்பெயர் ஒரு விலைக்கு உரியதாயிருந்தது. இப்போது அஃது ஒரு பாட்டியின் பெயர்.